36 வயது, ஒல்லி உடம்பு, தினமும் ஓட்டம்: எனக்கு எப்படி வந்தது சர்க்கரை?

கதிர் கேட்டது:

வணக்கம். நீளமாக எழுதப்போகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

எனக்கு வயது 36. எட்டு மாதத்துக்கு முன்னால் எடை 66 கிலோ, இன்றைக்கு 59. கல்லூரிக் காலத்திலிருந்து வாரத்தில் ஐந்து நாள் ஓடுகிறேன். புகை, குடி இரண்டும் கிடையாது. புது வேலைக்குச் சேரும்போது எடுத்த பரிசோதனையில் வெறும் வயிற்றில் சர்க்கரை 188 என்று வந்தது. ஏதோ தவறு என்று இரண்டு நாள் கழித்து மறுபடி இரத்தம் கொடுத்தேன். 194. மூன்று மாத சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 9.1. மருத்துவர் தாளைப் பார்த்தார், என் வயதைப் பார்த்தார், 'டைப் 2' என்று எழுதினார்.

மெட்ஃபார்மின் தொடங்கியதும் முதல் இரண்டு மாதம் 130, 135 என்று இறங்கி நின்றது. அப்புறம் மெல்ல ஏறத் தொடங்கியது. இரண்டாவது மாத்திரை சேர்த்தார்கள். கொஞ்சம் இறங்கி மறுபடி ஏறியது. போன மாதம் மூன்றாவதும் வந்துவிட்டது. இன்று காலை 231. ராத்திரி நான்கு தடவை சிறுநீர் கழிக்க எழுந்திருக்கிறேன். பத்து கிலோமீட்டர் அலுங்காமல் ஓடியவனுக்கு இப்போது மூன்றாவது கிலோமீட்டரிலேயே தொடை கனக்கிறது.

இதையெல்லாம் விட வலிப்பது ஒன்று உண்டு. போகும்போதெல்லாம் "சாப்பாட்டில் கட்டுப்பாடு இல்லையா?" என்று கேட்கிறார்கள். சாப்பிட்டதை நேரம் போட்டு எழுதிய நோட்டை எடுத்துக்கொண்டு போகிறேன். புரட்டிக்கூடப் பார்ப்பதில்லை. போன வாரம் என் மனைவி என் பையைத் துழாவிக்கொண்டிருந்தாள், இனிப்பு ஏதாவது ஒளித்து வைத்திருக்கிறேனா என்று. அவளைக் குறை சொல்லவில்லை, பயத்தில் செய்கிறாள். அம்மா "நம் வம்சத்தில் யாருக்கும் இது கிடையாதேடா" என்று தினமும் சொல்கிறார்.

எனக்கு இது எதனால் வந்தது? டைப் 1, டைப் 2 என்கிறார்களே, அந்த இரண்டு மட்டும்தானா? இத்தனை கோடிப் பேருக்கு வருகிறது, எல்லோருக்கும் ஒரே காரணமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அறிவழகன் எழுதியது:

தம்பி கதிர், மனதைத் தளரவிடாதீர்கள். எனக்கு 61 வயது. சர்க்கரை வந்து 24 வருடம் ஆகிறது. எனக்கு ஏன் வந்தது என்று நானும் அன்றைக்குக் கேட்டவன்தான்.

முதலில் ஒரு கணக்கு. பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பு 2024ஆம் ஆண்டுக்குப் போட்ட கணக்கில், 20 முதல் 79 வயதுக்குள் உலகம் முழுக்க 58.9 கோடிப் பேருக்கு நீரிழிவு இருக்கிறது. ஒன்பது பேரில் ஒருவர். சீனாவில் 14.8 கோடி, இந்தியாவில் கிட்டத்தட்ட 9 கோடி, அமெரிக்காவில் 3.85 கோடி. இவர்களில் பத்துக்கு நான்கு பேருக்கு மேல் தங்களுக்கு இருப்பதே தெரியாது. அதைப் படித்தபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பணக்காரர் வியாதி என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். இன்றைக்கு ஐந்தில் நான்கு பேர் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில்தான் இருக்கிறார்கள்.

என் அப்பா, அம்மா இருவருக்கும் இருந்தது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு டைப் 2 வர 40 சதவீதம் அளவுக்கு வாய்ப்பு, இருவருக்கும் இருந்தால் 70 சதவீதம் வரை என்பார்கள். என் அண்ணனும் அதே அப்பா அம்மாவுக்குப் பிறந்தவர். நாள் முழுக்க உடம்பு அசையும் வேலை அவருக்கு. 60 தாண்டித்தான் அவருக்கு வந்தது. நான் நாற்காலியில் உட்கார்ந்து கணக்கெழுதியவன், 37லேயே வந்துவிட்டது.

இதற்கு ஒரு பெரிய சாட்சி உண்டு. பீமா என்ற பழங்குடி மக்களில் ஒரு பகுதியினர் அமெரிக்காவின் அரிசோனாவில் இருக்கிறார்கள், அவர்களுடைய மரபு உறவினர்கள் மெக்சிகோ மலைப்பகுதியில் இருக்கிறார்கள். 2006இல் வெளியான ஆய்வில் அரிசோனா பக்கம் 38 சதவீதம் பேருக்கு நீரிழிவு, மெக்சிகோ பக்கம் 7 சதவீதம்கூட இல்லை. மெக்சிகோ பக்கத்தவர்கள் உடலால் உழைத்து, பழைய முறையில் வாழ்ந்தவர்கள். ரத்தம் ஒன்றுதான், வாழ்ந்த விதம் வேறு.

ஒல்லியாக இருந்தால் வராது என்பதும் இல்லை. ஆசியர்களுக்கு எடை குறைவாக இருக்கும்போதே வந்துவிடுகிறது. வெளியில் தெரியாமல் வயிற்றுக்குள், ஈரலைச் சுற்றிக் கொழுப்பு சேரும். ஒரு ஸ்கேன் எடுத்துப் பாருங்கள். கட்டுப்பாட்டை விடாதீர்கள், இறங்கும்.

செவிலி எழுதியது:

அறிவழகன் ஐயா சொன்னது டைப் 2க்குச் சரி. ஆனால் கதிர், உங்கள் பதிவைப் படித்ததும் எனக்கு வேறு சந்தேகம் வந்துவிட்டது. நான் 19 வருடமாகச் செவிலி. அதில் 11 வருடம் நீரிழிவுப் பிரிவில், ஊசி போடக் கற்றுக்கொடுக்கும் வேலை. நான் மருத்துவர் இல்லை. உங்களுக்கு இன்ன நோய் என்று சொல்ல மாட்டேன். எந்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்க வேண்டும் என்று சொல்ல முடியும்.

அதற்கு முன்னால் அவசரமான ஒன்று. வாந்தி, வயிற்றுவலி, ஆழமாக வேகமாக மூச்சு வாங்குவது, மூச்சில் நகப்பூச்சு அழிக்கிற திரவத்தின் வாடை. இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் ஹார்மோனான இன்சுலின் இல்லாத உடம்பு கொழுப்பை எரித்துக் கீட்டோன் என்ற அமிலத்தைச் சேர்த்துக்கொண்டே போகும், சில மணி நேரத்தில் உயிருக்கு ஆபத்தாகிவிடும். இன்னொன்று: உங்கள் மூன்றாவது மாத்திரையின் பெயர் 'கிளிஃப்ளோசின்' என்று முடிகிறதா? முடிந்தால் இன்றைக்கே மருத்துவரிடம் பேசுங்கள். நல்ல மருந்துதான், டைப் 2 உள்ளவர்களுக்கு இருதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நிறையச் செய்கிறது. ஆனால் இன்சுலின் வற்றிய உடம்பில் அது, மீட்டரில் பெரிதாகச் சர்க்கரை காட்டாமலேயே கீட்டோனை ஏற்றிவிடும்.

சரி, இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

நீரிழிவு என்ற சொல்லையே பாருங்கள். இழிதல் என்றால் இறங்குதல், வடிதல். நீர் வடிந்து போகிற நோய். கிரேக்கத்தில் வைத்த டயாபிட்டீஸ் என்ற பெயரும் ஊடே ஓடிப்போவதைத்தான் சொல்கிறது. அரிட்டேயஸ் என்ற பழைய கிரேக்க மருத்துவர், சதையும் கைகாலும் உருகிச் சிறுநீராகப் போகிறது என்று எழுதிவைத்தார். எல்லாமே வெளியில் தெரிந்ததை வைத்துச் சூட்டிய பெயர். காய்ச்சல் என்று சொன்னால் உடம்பு சுடுகிறது என்று தெரியும், எதனால் என்று தெரியாது அல்லவா? சர்க்கரையும் அப்படித்தான். இரத்தத்தில் குளுக்கோஸ் ஏறியிருக்கிறது என்பதற்கு மேல் அந்தப் பெயர் எதுவும் சொல்வதில்லை.

டைப் 2இல் இன்சுலின் இருக்கிறது. ஆரம்பத்தில் வழக்கத்துக்கு அதிகமாகவே சுரக்கும். தசையும் ஈரலும் அதன் பேச்சைக் கேட்பதில்லை. சாப்பிடாத நேரத்தில் ஈரல் குளுக்கோஸை இரத்தத்தில் விடுவது இயல்பு, இன்சுலின்தான் போதும் என்று நிறுத்தி வைக்கும். அந்தச் சொல் எடுபடாதபோது ராத்திரி முழுக்க விட்டுக்கொண்டே இருக்கும். இன்சுலினே குறைந்துபோனாலும் இதேதான் நடக்கும். ராத்திரி ஒன்றும் சாப்பிடாதவருக்குக் காலையில் 231 வருவது இதனால்தான். உங்கள் மனைவியிடம் இதைக் காட்டுங்கள். எல்லா வகையையும் சேர்த்துப் பார்த்தால் நூற்றுக்கு 90 பேருக்கு மேல் இந்த டைப் 2தான். அதனால்தான் பெரியவர் ஒருவருக்குச் சர்க்கரை என்றதும் கை தானாக டைப் 2 என்று எழுதிவிடுகிறது.

டைப் 1இல் நடப்பது முற்றிலும் வேறு. கணையத்துக்குள் லாங்கர்ஹான்ஸ் திட்டுகள் என்று சின்னச் சின்னத் திட்டுகள் இருக்கின்றன. அவற்றில் உள்ள பீட்டா செல்கள்தான் இன்சுலினைச் செய்கின்றன. கிருமியோடு சண்டைபோட வேண்டிய நம் எதிர்ப்புச் சக்தி அந்தச் செல்களையே பகையாக நினைத்து அழித்துவிடும். அதைத் தூண்டிவிடுவது எது என்பதற்கு ஒற்றைப் பதில் இல்லை. சில மரபணுக்கள் இடம் கொடுக்கின்றன, சில வைரஸ்கள் மேல் வலுவான சந்தேகம் இருக்கிறது. உலகத்திலேயே குழந்தைகளுக்கு இது அதிகமாக வருகிற நாடு பின்லாந்து. சர்க்கரை தின்றதால் வருவதில்லை, உட்கார்ந்தே இருந்ததால் வருவதில்லை. வம்சத்தில் யாருக்குமே இல்லாமல் வருகிறவர்கள்தான் பெரும்பான்மை. உங்கள் அம்மாவிடம் இதையும் சொல்லுங்கள்.

குழந்தைகள் நோய் என்று இதற்குப் பெயர் கட்டிவிட்டார்கள். அந்தப் பெயரால் எத்தனை பேர் கஷ்டப்பட்டார்கள் என்று நான் வார்டில் பார்த்திருக்கிறேன். பிரிட்டனில் 2018இல் வெளியான ஓர் ஆய்வில், 60 வயதுக்குள் டைப் 1 வந்தவர்களில் 42 சதவீதம் பேருக்கு 30 வயதுக்குப் பிறகுதான் வந்திருந்தது. பிரிட்டனின் பிரதமராக இருந்த தெரசா மே அம்மையாருக்கு 50 வயதைத் தாண்டியபின் வந்தது. அவருக்கும் முதலில் டைப் 2 என்று சொல்லி மாத்திரைதான் கொடுத்தார்கள். மாத்திரை கேட்கவில்லை. மறுபடி சோதித்தபோது டைப் 1 என்று தெரிந்தது.

பெரியவர்களுக்கு இது மெதுவாக வருவதும் உண்டு. மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகப் பீட்டா செல்கள் அழியும். மீதி இருக்கிற செல்களை வைத்துக்கொண்டு மாத்திரை சில நாள் வேலை செய்வது போலத் தெரியும், அப்புறம் நின்றுவிடும். லாடா என்று சொல்வார்கள். டைப் 2 என்று எழுதப்பட்ட பெரியவர்களில் நூற்றுக்கு 2 முதல் 12 பேர் வரை இந்த வகை இருக்கலாம் என்று பல நாட்டு ஆய்வுகளில் வந்திருக்கிறது. ஒல்லி உடம்பு, எடை இறங்கிக்கொண்டே போவது, ஒன்றன்பின் ஒன்றாக மாத்திரை தோற்பது. நீங்கள் எழுதியதில் மூன்றும் இருக்கிறது.

கேட்க வேண்டிய பரிசோதனைகள் இரண்டு. ஒன்று ஜிஏடி ஆன்டிபாடி: எதிர்ப்புச் சக்தி பீட்டா செல்லைத் தாக்குகிறதா என்பதற்கு அது தடயம். மற்றது சி-பெப்டைடு. கணையம் இன்சுலினைச் செய்யும்போது பெரிய ஒரு சங்கிலியாகச் செய்து நடுவிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுக்கும். ஒரு இன்சுலினுக்கு ஒரு துண்டு. அந்தத் துண்டை எண்ணினால் உங்கள் கணையம் சொந்தமாக எவ்வளவு இன்சுலின் செய்கிறது என்று தெரிந்துவிடும். அதே இரத்தத்தில் குளுக்கோஸ் அளவையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் சி-பெப்டைடு எண்ணைச் சரியாகப் படிக்க முடியாது.

வேறு வகைகளும் இருக்கின்றன. கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி விடும் ஹார்மோன்கள் இன்சுலினை மட்டுப்படுத்துவதால் வருவது ஒன்று, பிரசவத்தோடு பெரும்பாலும் போய்விடும், ஆனால் அந்தத் தாய்க்குப் பின்னாளில் டைப் 2 வரும் வாய்ப்பு பல மடங்கு. கணைய அழற்சிக்குப் பின் வருவது, ஸ்டீராய்டு மருந்தால் வருவது. சத்துக்குறைவால் மெலிந்து வளர்ந்தவர்களுக்கு வரும் வகைக்கு 2025இல்தான் டைப் 5 என்று பெயர் கொடுத்தார்கள். அப்புறம் ஒரே ஒரு மரபணு பிசகியதால் வருவது. இதில் ஒன்றை மட்டும் சொல்லியே ஆக வேண்டும். பிறந்து ஆறு மாதத்துக்குள் சர்க்கரை வருகிற பச்சைக் குழந்தைகளுக்கு எல்லாம் முன்பு இன்சுலின்தான், ஆயுள் முழுக்க. அவர்களில் பலருக்குப் பிசகியிருப்பது பீட்டா செல்லின் ஒரு சின்னக் கதவு என்று 2004இல் கண்டுபிடித்தார்கள். அந்தக் கதவைச் சரிசெய்ய டைப் 2க்குக் கொடுக்கும் பழைய மாத்திரை ஒன்றே போதும் என்று தெரிந்தது. வகை தெரிந்ததால் ஊசியை நிறுத்தி மாத்திரைக்கு வந்த பிள்ளைகள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். உங்கள் விஷயத்தில் ஒருவேளை அது தலைகீழாக இருக்கலாம்.

மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். இந்தப் பதிவை எடுத்துக்கொண்டு போய் மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள்: "எனக்கு எந்த வகை என்று எதை வைத்து முடிவு செய்தீர்கள்?" இதைக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

நிலா மதி அம்மா எழுதியது:

செவிலி அக்கா எழுதியதைப் படித்துவிட்டு அழுதுகொண்டே எழுதுகிறேன்.

என் மகள்கள் ஒட்டிப் பிறந்தாற்போல ஒரே சாயல், ஒரே கரு இரட்டையர். நிலாவுக்கு ஏழு வயதில் டைப் 1 வந்தது. மதிக்கு இல்லை. இருவருக்கும் இப்போது பத்து வயது. ஒரே வீடு, ஒரே சாப்பாடு, ஒரே மரபணு. ஆனாலும் பார்க்கிறவர்கள் எல்லாம் என்னிடம் "ரொம்ப இனிப்பு கொடுத்துப் பழக்கிவிட்டாயோ" என்று கேட்டார்கள். நான் இரண்டு பேரையும் பக்கத்தில் நிறுத்தி, "இவளுக்கும் அதேதானே கொடுத்தேன்" என்று சொல்வேன். அதற்குமேல் யாரும் பேச மாட்டார்கள். இரட்டையரில் ஒருத்திக்கு வந்தால் மற்றவளுக்கு வரும் வாய்ப்பு மற்றப் பிள்ளைகளை விடப் பல மடங்கு அதிகம், ஆனால் உறுதி இல்லை என்று எங்கள் மருத்துவர் சொன்னார். வருடத்துக்கு ஒரு முறை மதிக்கு ஆன்டிபாடி பார்க்கிறோம். இதுவரை இல்லை. இரண்டு வகை ஆன்டிபாடி தெரிந்து, சர்க்கரையும் லேசாகத் தடுமாற ஆரம்பித்தால் நோயைச் சுமார் இரண்டு வருடம் தள்ளிப்போட டெப்ளிசுமாப் என்ற மருந்து வந்துவிட்டது, 2022 நவம்பரில் அமெரிக்காவில் எட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அனுமதித்தார்கள். இரண்டு வருடம் என்றால் மற்றவர்களுக்குக் கொஞ்சமாகத் தெரியலாம். ஒரு குழந்தைக்கு ஒவ்வொரு நாளும் நாலு ஊசி என்று வைத்துப் பாருங்கள்.

எனக்கு இன்னும் ஆறாத ஒன்று உண்டு. நிலா மூன்று வயதிலேயே படுக்கையில் சிறுநீர் போவதை நிறுத்தியவள். ஏழு வயதில் திடீரென்று மறுபடி நனைக்க ஆரம்பித்தாள். ஐந்து நாள் தொடர்ந்து நனைத்தாள். நான் விரிப்பைத் துவைத்துத் துவைத்துச் சலித்துப்போய் அவளைத் திட்டினேன். அவள் தண்ணீர்ப் போத்தலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்குவாள், நான் அதையும் பிடுங்கி வைத்தேன். ஆறாம் நாள் மருத்துவமனையில் 480 காட்டியது. கதிர் சார், பசியிலும் தாகத்திலும் இருந்த பிள்ளையைச் சந்தேகப்பட்டவள் நான். அதனால்தான் உங்கள் மனைவியின் மனதும் எனக்குப் புரிகிறது. சீக்கிரம் சோதித்துவிடுங்கள்.

கதிர் எழுதியது:

மூன்று பேருக்கும் நன்றி. செவிலி அக்கா, மூன்றாவது மாத்திரையின் பெயர் நீங்கள் சொன்ன மாதிரியே முடிகிறது. படித்த அன்றைக்கே தொலைபேசியில் பேசினேன். நிறுத்தச் சொன்னார்கள், சிறுநீரில் கீட்டோன் பார்த்தார்கள், லேசாக இருந்தது. வேறொரு மருத்துவரிடமும் போனேன். இவர் நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். இரண்டு பரிசோதனைக்கும் இரத்தம் கொடுத்திருக்கிறேன், ஒரு வாரம் ஆகுமாம்.

மனதில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இன்சுலின் ஊசி என்றால் கடைசிக் கட்டம் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். ஒரு தடவை போட்டால் விடவே முடியாது, உடம்பு அதற்கு அடிமையாகிவிடும் என்கிறார்கள். அந்தப் பயம் என்னை விடவில்லை.

செவிலி எழுதியது:

கதிர், தண்ணீருக்கு உடம்பு அடிமை என்று சொல்வோமா? இன்சுலின் உங்கள் உடம்பு பிறந்ததிலிருந்து தானே செய்துகொண்ட பொருள். குறைந்ததை வெளியிலிருந்து கொடுக்கிறோம், அவ்வளவுதான்.

டைப் 2 உள்ளவர்களில் பலருக்கு இன்சுலின் பல வருடம் கழித்துத் தேவைப்படுகிறது, அப்போது காலோ கண்ணோ ஏற்கெனவே கெட்டிருக்கும். ஊசி போட்டதால் கெட்டது என்று பார்க்கிறவர்கள் முடிச்சுப் போட்டுவிடுகிறார்கள். கடைசிக் கட்டம் என்ற பேச்சு பிறந்தது அங்கேதான். அந்த ஊசி முன்கூட்டியே வந்திருந்தால் பலருக்குக் கால் தப்பியிருக்கும்.

கனடாவின் டொரோன்டோவில் லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையன் இருந்தான். எடை 30 கிலோகூட இல்லை. அந்தக் காலத்தில் டைப் 1க்கு ஒரே வைத்தியம் பட்டினி போடுவது, சில மாதம் தள்ளிப்போட. 1922 ஜனவரி 11ஆம் தேதி பான்டிங், பெஸ்ட் என்ற ஆராய்ச்சியாளர்கள் இருவரும் செய்த, இன்சுலின் உள்ள கணையச் சாறை அவனுக்குப் போட்டார்கள். பெரிய பலன் இல்லை, போட்ட இடத்தில் சீழ் கட்டியது. காலிப் என்ற வேதியியல் அறிஞர் இரவு பகலாக உட்கார்ந்து அதைச் சுத்தம் செய்தார். ஜனவரி 23 மறுபடி போட்டார்கள். சர்க்கரை இறங்கியது, கீட்டோன் மறைந்தது. அந்தப் பையன் இன்னும் 13 வருடம் உயிரோடு இருந்தான். நான் ஒவ்வொரு புது நோயாளிக்கும் இன்சுலின் ஊசிப் பேனாவைக் கையில் கொடுக்கும்போது இந்தக் கதையைச் சொல்லுவேன். ஊசி முனை இப்போது 4 மில்லிமீட்டர்தான். விரலில் குத்திப் பார்ப்பதை விட வலி குறைவு.

கதிர் எழுதியது:

முடிவு வந்துவிட்டது. ஜிஏடி ஆன்டிபாடி பாசிட்டிவ், சாதாரண அளவை விடப் பல மடங்கு. சி-பெப்டைடு 0.5. அதே நேரத்தில் குளுக்கோஸ் 240 இருந்ததால், கணையத்தில் மிச்சம் கொஞ்சம்தான் என்று மருத்துவர் சொன்னார். லாடா என்று எழுதினார். எழுதிவிட்டு, "நீங்கள் செய்த தவறு எதுவும் இல்லை" என்றார். என் மனைவி பக்கத்து நாற்காலியில் இருந்தாள். வெளியே வந்து வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்குப் போனதும் அந்த நோட்டை எடுத்து இன்சுலின் அளவு எழுத அவளே புதிதாகக் கட்டம் போட்டாள்.

முதல் ஊசி அன்றைக்கு ராத்திரி. பேனாவில் முனையைத் திருகி, இரண்டு யூனிட் வைத்து மேலே பார்க்கப் பிடித்து அழுத்தினேன், நுனியில் ஒரு சொட்டு நின்றது. அப்புறம் 10 யூனிட் வைத்தேன். தொப்புளுக்குப் பக்கத்தில் நான்கு விரல் தள்ளி இடம் பார்த்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன், கை நடுங்கியது. குத்தியதே தெரியவில்லை. அழுத்திப் பத்து எண்ணச் சொல்லியிருந்தார்கள். அவள் எண்ணினாள். மறுநாள் காலை 204. மெதுவாகக் கூட்டினார்கள். ஒன்பதாம் நாள் 142. ராத்திரி எழுந்திருக்காமல் தூங்கினேன். எத்தனை மாதம் ஆயிற்று அப்படித் தூங்கி! நேற்று ஐந்து கிலோமீட்டர் ஓடினேன், கிளம்பும் முன்னால் சோதித்துவிட்டு, பையில் குளுக்கோஸ் மாத்திரை வைத்துக்கொண்டு. 70க்குக் கீழே போனால் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

அறிவழகன் ஐயா, நீங்கள் தைரியம் சொன்னது மறக்காது. உங்கள் கணக்கைப் படித்துத்தான் அம்மாவும் இரத்தம் கொடுத்தார். எச்பிஏ1சி 6.1, சர்க்கரைக்கு முந்தைய நிலை. அவருக்கு நீங்கள் சொன்ன வகைதான், இப்போது மாலையில் அவரும் என்னோடு நடக்கிறார்.

கடைசியாக ஒரு கேள்வி. என் மகளுக்கு ஐந்து வயது. அவளுக்கும் வருமா?

நிலா மதி அம்மா எழுதியது:

கதிர் சார், இதே கேள்வியோடு பல ராத்திரி விழித்திருந்தவள் நான், அதனால் பதில் சொல்கிறேன். அப்பாவுக்கு டைப் 1 இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு நூற்றுக்கு 6 அளவில்தான் என்று எங்கள் மருத்துவர் சொன்னார். மீதி 94 பிள்ளைகளுக்கு வருவதில்லை. உங்களுக்கு வந்தது மெதுவான வகை என்பதையும் சொல்லி, மகளுக்கு ஆன்டிபாடி பார்க்க வேண்டுமா என்று உங்கள் மருத்துவரிடமே கேளுங்கள். பார்த்துவைத்தால் நல்லது என்பேன்.

மற்றபடி அவளைப் பிள்ளையாகவே வளருங்கள். தட்டைக் கண்காணித்துப் பயன் இல்லை, இது தட்டிலிருந்து வருவதில்லை. கவனிக்க வேண்டியது தாகம், எடை, சோர்வு. அப்புறம் படுக்கை. நிறுத்திய பிள்ளை மறுபடி நனைத்தால் திட்டாதீர்கள், தண்ணீரைப் பிடுங்காதீர்கள். மீட்டர் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. அன்றைக்கே விரலில் ஒரு சொட்டு எடுத்துப் பாருங்கள்.